மழை நாளில் ஓங்கும் கை

தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக் காம்பிராவைப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளனவே அம்மாமார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது, முந்தின நாள் வீட்டில் அடி விழுந்ததா என்று பிள்ளையின் முகமே சொல்லிவிடும். பல வருடமாகக் கவனித்து வருகிறேன். எங்கள் லயங்களில் பிள்ளைகள் அதிகம் அடி வாங்குவது மழை நாளில்தான்.

விடியற்காலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்துவிடும். வெட்டினாலும் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழியும். அதனால் பால்வெட்டு இல்லை. வெட்டிய பிறகு பெய்தால் சிரட்டைப் பாலில் தண்ணீர் விழுந்து பட்ட பாடெல்லாம் வீண். சப்ரகமுவவில் மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இது நாள்கணக்கில் நீளும். அப்பா, அம்மா, அம்மாயி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே காம்பிராவுக்குள் அடைந்து கிடக்கும்போது வெட்டு இல்லாத நாளில் பெரியவர்கள் மனதில் ஓடுவது கடையில் ஏறும் கடன் கணக்கு. அந்த நேரம் பார்த்துச் சின்னது தேத்தண்ணியைத் தட்டிவிடும். ஓங்குகிற கையில் பாதிக் கோபம் கடைக் கணக்கின் கோபம். இதைப் புரிந்துகொண்ட அம்மாமார் கை தானாகவே தணிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டில் கைகொடுத்த வழி, மழை பிடித்ததுமே, பிள்ளைகள் அலுத்துப் போவதற்கு முன்பே, ஒரு வேலை கொடுத்துவிடுவது. பலாக்கொட்டையை அவித்து ஆறவைத்து முன்னால் வைத்தால் போதும். நகத்தால் அந்த வெள்ளைத் தோலைக் கீறி, பிய்த்து, கொட்டை முழுசாக வந்ததா என்று பார்த்து ஐந்து வயதுப் பிள்ளை நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். சோறு சாப்பிடும்போது, "நான் உரிச்ச கொட்டை" என்று எல்லாருடைய தட்டையும் காட்டும்.

இன்னொன்று, எனக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தம். கோபம் வந்தவர் வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட வேண்டும். மற்றவர் பிள்ளையோடு பேச வேண்டும். சேட்டை செய்த பிள்ளையைத் தனியே உட்கார வையுங்கள் என்பார்கள். ஒற்றைக் காம்பிராவில் தனி இடத்துக்கு எங்கே போவது? பெரியவர்கள் எழுந்து போவதுதான் சுலபம்.

லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். பிள்ளையைத் திட்டுவது வரிசை முழுவதற்கும் கேட்டுவிடுகிறது. மறுநாள் மற்றப் பிள்ளைகள் அதையே சொல்லிச் சீண்டுகின்றன. ஆகவே கண்டிப்பதைக் காதோடு சொல்லுங்கள். பாராட்டை மட்டும் சுவருக்கு அப்பால் கேட்கும்படி சொல்லுங்கள்: "அக்கா, கேட்டீங்களா, தம்பி இன்னைக்கு யாரும் சொல்லாமலே தண்ணி கொண்டாந்துட்டான்!" அன்று முழுக்க அந்தத் தம்பி நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம் என்று பிள்ளையைச் சிங்கள மொழியில் படிக்க விடுகிறவர்கள் எங்கள் பக்கம் அதிகம். அப்பாவுக்குச் சிங்களம் பேச வரும், எழுத்து தெரியாது. "எனக்கு விளங்காது, போ" என்று கொப்பியைத் தள்ளினால் பிள்ளை அப்புறம் கொண்டுவராது. "அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டு மகன்" என்று சொன்னால் போதும்.

அம்மா குவைத்துக்குப் போயிருக்கும் வீடுகளில் அம்மாயிமார் படுகிற பாடு பெரிது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: போன் வந்ததும் பிள்ளையை வைத்துக்கொண்டே குற்றப் பட்டியல் வாசிக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அம்மா என்ன சாப்பிட்டாள், பிள்ளை என்ன விளையாடியது என்று அவர்கள் பேசிக்கொள்ளட்டும். சொல்ல வேண்டியதைப் பிள்ளை தூங்கிய பிறகு சொல்லலாம்.

பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. வீட்டில் அந்த முடிவைத் தாய் தகப்பன்தான் எடுக்க வேண்டும். ஆனால் குடித்துவிட்டு வந்து பிள்ளையைப் போட்டு அடிக்கிற வீட்டுக்கு நான் மேலே சொன்ன எதுவும் போதாது. அங்கே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு போகாது, தமிழிலேயே பேசலாம். எங்கள் பிள்ளைக் காம்பிராக் கதவில் அந்த இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு, பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் வாயால் சொல்லி மனப்பாடமாக்கி வைக்கிறேன்.