ஊரணி ஜலமும் பிளாஸ்மா முறையும்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடலோரத்தில் பல இடங்களில் கிணற்று ஜலம் உவர்ப்பாதலால், கிராம ஜனங்கள் நெடுங்காலமாக ஊரணியையே குடிதண்ணீருக்கு நம்பி வந்திருக்கின்றனர். கலங்கல் ஜலத்தைத் தேற்றாங்கொட்டை தெளிவிக்கும். கொதிக்கவைத்தால் கிருமிகள் மாளும். ஆனால் ஜலத்தில் கரைந்துவிட்ட பூச்சிமருந்தும், கால்நடைகளுக்கும் இறாலுக்கும் இடும் மருந்துகளின் எச்சமும் இவற்றால் நீங்குமென நம்புதல் கூடாது.

இத்தகைய புதுவித அசுத்தங்களைப் போக்கப் பிளாஸ்மா என்னும் முறை ஆராயப்பட்டு வருகிறது. வாயுவினூடே வலிய மின்சாரம் பாயுங்கால் அவ்வாயு மின்னேற்றமடைந்து ஒளிர்கிறது, அந்நிலையே பிளாஸ்மாவாம். மின்னல் அவ்வகையினதே. ஜலத்தின்மேல் இதனை உண்டாக்கினால் ஓஸோனும், ஹைட்ராக்ஸில் என்னும் வீரியமுள்ள துணுக்கும் தோன்றி மருந்தின் மூலக்கூறுகளை உடைக்கின்றன. இதன் வேர் பழையது. 1857ல் ஜெர்மனியில் வெர்னர் ஸீமென்ஸ் மின்சாரத்தால் ஓஸோன் செய்யும் குழாயை அமைத்தார். 1906ல் பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரத்தார் குடிநீரை ஓஸோனால் சுத்தி செய்யலாயினர்.

இதனால் உவர்நீர் நன்னீராகுமோ எனக் கேட்போருண்டு. ஆகாது. உப்பைப் பிரிப்பது, நரிப்பையூரில் அமைக்கப்பட்ட ஆலையிற்போல, நீரைச் சவ்வின் வழியே அழுத்தும் வேறு முறை. பிளாஸ்மாவிற்கோ உப்பு இடையூறு. குளோரைடு ஹைட்ராக்ஸிலை விழுங்கிவிடும். கடல்நீரிலுள்ள புரோமைடு ஓஸோனுடன் கூடிப் புரோமேட் என்னும் தீய பொருளாகக்கூடும். காற்றில் எழுப்பும் பிளாஸ்மா ஜலத்தில் நைட்ரேட்டையும் சேர்க்கும். அது பயிருக்கு உரம். குடிநீரிலோ லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மின்செலவும் சிறிதன்று. ஆதலின் இது மருந்துத் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி முதலியவற்றின் கழிவுநீர் வெளியேறும் வாயிலுக்கு ஏற்றதேயன்றி, ஊரணிக் கரையில் வைக்கத்தக்கதன்று என்பது என் அபிப்பிராயம்.

நம் கையிலுள்ளது, மருந்து ஊரணியை அடையாமற் காப்பதே. முண்டு மிளகாய்க்கு மருந்தடித்தபின் தெளிப்பானை வரத்துக்காலில் கழுவுவது மிகத் தவறான காரியம். மருந்து டப்பாவை 3 முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி அதே கொல்லையில் அடித்துவிடுக. மாடுகளைக் குடிநீர் ஊரணியில் இறக்கற்க. இறால் பண்ணையார் 2005ம் வருஷச் சட்டப்படி கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையத்தில் பதிந்திருத்தல் வேண்டும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மருந்துகள் அங்கு விலக்கப்பட்டவை. பண்ணைக் கழிவுநீர் வரத்துக்காலில் விழுகிறதாவென்று கிராம உத்தியோகஸ்தர்கள் நேரிற் சென்று பார்ப்பது நலம்.

ஐப்பசி மழைக்குமுன் வரத்துக்காலைச் செதுக்கிக் குப்பையகற்றுக. முதல் வெள்ளம் கொல்லைகளின் அழுக்கையெல்லாம் வாரிவரும். தண்ணீர் அருமையான இச்சீமையில் அதனை வீணே விட மனம் வராதுதான். எனினும் முதல் நாள் மட்டும் ஊரணி வாய்க்காலின் மடையை அடைத்து, அதனைப் பாசனக் கண்மாய்க்குத் திருப்பிவிடலாம்.