முதல் மலை எது? ஜொகூர் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவுகள் வரும்வரையுள்ள மாதங்களிலும் பல்கலைக்கழக விடுமுறைகளிலும் மலையேறச் செல்லும் வழக்கம் ஜொகூர்த் தமிழ் மாணவரிடையே பரவி வருவது வரவேற்கத்தக்கது. எனினும், எந்த மலையை, எத்தனை நாளில், யாருடைய துணையோடு ஏறுவது என்னும் முடிவு உடல்நிலையையும் பயிற்சியையும் பொறுத்து அமையாமல், நண்பர்கள் பகிர்ந்த படங்களையோ பெற்றோரின் ஆசையையோ பொறுத்து அமைந்துவிடுகிறது. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு மதிப்பெண் உண்டு என்பதால், பெயர்பெற்ற சிகரம் ஒன்றின் சான்றிதழ் பிள்ளையின் கோப்பில் இருக்கட்டும் என்று விரும்பும் பெற்றோரும் உளர். மலை இவற்றுள் எதையும் கேட்பதில்லை. ஏறுபவரின் கால்களையும் மூச்சையும் மட்டுமே அது கேட்கிறது.

பயிற்சிக் குன்றுகளைப் பற்றி நீள எழுதத் தேவையில்லை. குளுவாங்கிலுள்ள லம்பாக் (510 மீட்டர்), கூலாய்க்கு அருகிலுள்ள பூலாய் (654 மீட்டர்), குளுவாங்கின் மற்றொரு மலையான பெலுமுட் (1,010 மீட்டர்) ஆகியவற்றை ஜொகூர் மாணவர் எவரும் அறிவர். பலநாள் மலைநடைக்கு ஆயத்தமாகும் ஒருவர் இவற்றில் வாரந்தோறும் ஏறி இறங்கியிருப்பார் என்றே இக்கட்டுரை கொள்கிறது. அதைச் செய்யாதவர் அடுத்து வரும் ஒப்பீட்டைப் படிப்பதற்கு முன் அதைச் செய்வது நலம்.

அடுத்த படி தங்காக் மாவட்டத்தின் லேடாங் மலை. 1,276 மீட்டர் உயரமுள்ள இம்மலைக்கு 1854இல் மலாக்காவிலிருந்து வந்த இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ், சுமை தூக்கவும் வழிகாட்டவும் மலாய்க்காரர் சிலரைத் துணைகொண்டு, மேலே பல நாள் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். இன்று பெரும்பாலோர் இதை ஒரே நாளில் ஏறி இறங்குகின்றனர். கயிறுகளும் ஏணிகளும் பொருத்தப்பட்ட பாறைகளும், ஏறுவோர் ‘கே.எப்.சி.’ என்று கேலியாகப் பெயரிட்டிருக்கும் செங்குத்தான பகுதியும், தன்னால் எவ்வளவு முடியும் என்பதை ஒருவருக்கு ஒரே பகலில் உணர்த்திவிடும். புறப்படும்போது பைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பொருள்களைப் பூங்கா ஊழியர் எண்ணிக் குறித்துக்கொண்டு, திரும்பும்போது அவற்றைச் சரிபார்ப்பது இங்குள்ள நடைமுறை. கொண்டுபோனதைக் கொண்டுவரும் ஒழுக்கத்தை இளையோருக்குக் கற்பிக்க இதைவிட நல்ல பள்ளி இல்லை.

பலநாள் நடையை நாடுவோருக்குத் தீபகற்பத்தில் முதன்மையானது பகாங்கிலுள்ள தகான் மலையாகும். 2,187 மீட்டர் உயரமுள்ள இது தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம். கோலா தகானிலிருந்து செல்லும் பழைய பாதை பல குன்றுகளையும் ஆற்றுக் கடவுகளையும் கொண்டு ஏறத்தாழ ஒரு வாரம் நீளும். மெராப்போவிலிருந்து செல்லும் பாதை மூன்று அல்லது நான்கு நாளில் முடியும். இடையில் விடுதியோ உணவகமோ கிடையாது. கூடாரம், அரிசி, அடுப்பு அனைத்தையும் குழுவே சுமந்து, வழியிலுள்ள முகாம்களில் இரவு தங்க வேண்டும். அட்டைக் கடியும், காலணிக்குள் நாள் முழுதும் ஊறிக் கிடக்கும் சேறும், நனைந்த கூடாரத்தை விடியற்காலையில் மடிக்கும் எரிச்சலும் யாரும் படம் எடுத்துப் பகிர விரும்பாதவை. எனினும், ஒரு குழு குழுவாக ஆவது அவற்றுக்கிடையேதான். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேயே தலைகாட்டுவதால், தகானில் எதிர்கொள்ள வேண்டியவை மழை, சுமை, தூரம் ஆகியவையே. இம்மூன்றையும் பயிற்சியால் வெல்லலாம்.

மாணவர்களின் முதல் தேர்வாக இன்று முன்னிற்பது சபாவின் கினபாலு. 4,095 மீட்டர் உயரமும், 2000ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம் என்னும் சிறப்பும் கொண்ட இம்மலையின் அழகை மறுப்பாரில்லை. 2015 ஜூன் 5 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களும் மலை வழிகாட்டிகளும் உட்பட 18 பேர் உயிரிழந்ததைக் காட்டி அதைத் தவிர்க்கச் சொல்வதும் நியாயமன்று, ஏனெனில் நிலநடுக்கத்தை யாரும் முன்னறிய இயலாது. இங்குக் கூறப்படும் எச்சரிக்கை முன்னறியக் கூடிய ஒன்றைப் பற்றியது: இரண்டு பகலும் ஓர் இரவும் கொண்ட வழக்கமான பயணத்திட்டம்.

இத்திட்டத்தில் முதல் நாள் 1,866 மீட்டரிலுள்ள திம்போகோன் வாயிலில் நடை தொடங்கி, சுமார் ஆறு கிலோமீட்டர் ஏறி, 3,272 மீட்டரிலுள்ள லாபான் ராத்தாவில் பிற்பகலில் தங்குகின்றனர். நள்ளிரவுக்குப் பின் இரண்டு அல்லது மூன்று மணிக்கு எழுந்து, தலைவிளக்கின் ஒளியில் கயிற்றைப் பற்றிக்கொண்டு கருங்கல் சரிவுகளில் ஏறி, விடியலில் சிகரம் தொட்டு, அன்றே வாயில்வரை இறங்கிவிடுகின்றனர். 2,229 மீட்டரை ஒரு நாளுக்குள் ஏறி, அதே அளவைச் சில மணி நேரத்தில் இறங்குவது என்பதே இதன் சுருக்கம். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. கடல்மட்டத்து ஜொகூர் பாருவிலிருந்து முந்தின நாள் விமானத்தில் வந்திறங்கிய மாணவரோ மறுநாள் மாலையே 3,272 மீட்டரில் உறங்க முயல்கிறார்.

அதன் விளைவு உயர்மலை நோய் எனப்படும். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைந்து, கினபாலுவின் உச்சியில் அது கடல்மட்டத்து அளவில் ஏறத்தாழ 60 விழுக்காடாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் அதே விகிதத்தில் குறைகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள்; அவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் வலிமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. பந்தாட்ட வீரருக்கு வரலாம், அவருடைய தாயாருக்கு வராமலும் போகலாம். விரைந்து ஏறும் இளைஞரே இதில் எளிதாக அகப்படுகின்றனர்.

இதற்கு மேல் சான்றிதழின் அழுத்தம் வேறு. சிகரம் தொட்டவருக்கு வண்ணத்திலும், பாதியில் திரும்பியவருக்குக் கறுப்பு வெள்ளையிலும் சான்றிதழ் வழங்கும் வழக்கம் அங்கு உண்டு. 3,668 மீட்டரிலுள்ள சாயாட் சாயாட் சாவடியில் கழுத்திலுள்ள அடையாள அட்டையைச் சரிபார்க்கும் ஊழியர், குறித்த நேரம் தவறி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் செலவழித்து, வீட்டாரிடம் சொல்லிவிட்டு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளை, தலைவலியை வாய்விட்டுச் சொல்வதா விழுங்கிக்கொண்டு ஏறுவதா என்று அந்த இருளில் தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் விழுங்கிக்கொள்வர். மாணவர் குழுக்களை ஆண்டுதோறும் அழைத்துச் செல்வோர், தலைவலி மாத்திரையை ஒளித்துத் தின்றவர்களையும், இறங்கும்போது முழங்கால் மடங்காமல் பக்கவாட்டில் அடிவைத்துத் தடுமாறியவர்களையும் நிறையவே கண்டிருக்கின்றனர். கினபாலுவுக்குச் சென்றே தீர வேண்டுமெனில், சுமார் 1,500 மீட்டரிலுள்ள பூங்காத் தலைமையகத்தில் குறைந்தது ஓர் இரவு தங்கிய பின் ஏறும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் தகானுக்குப் பிறகு இருப்பதே முறை.

இமயமலைப் பயணம் வருவாய் ஈட்டத் தொடங்கிய பின் எண்ண வேண்டியது. 5,364 மீட்டரிலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாம் கினபாலுவைவிட உயரமானது எனினும், இரண்டு வாரம்வரை நீளும் அந்நடையில் நாம்சே பஜார் போன்ற ஊர்களில் ஓய்வு நாள்கள் உள்ளமையால், உடல் உயரத்துக்குப் பழக அங்கு அவகாசம் கிடைக்கிறது. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் மலேசியர்களான மு. மகேந்திரனும் நா. மோகனதாசும் நீண்ட பயிற்சிக்குப் பின்னரே அங்குச் சென்றனர் என்பதை, அவர்களுடைய பெயரைப் பெருமையுடன் சொல்லும் நம் இளைஞர் மறக்கலாகாது.

எம்மலையாயினும் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை இறுதியில் கேட்க வேண்டும். உரிமம் உள்ளதா, ஒரு வழிகாட்டி எத்தனை பேருக்குப் பொறுப்பு, முதலுதவிப் பயிற்சி உண்டா, எந்த மணிக்குச் சிகரத்தை அடையாவிட்டால் திரும்புவது என்னும் நான்கு கேள்விகளுக்கு அவர் தெளிவாக விடையளிக்க வேண்டும். ‘எல்லாரையும் உச்சிக்குக் கொண்டு சேர்ப்பேன்’ என்று உறுதி கூறுபவரை விட்டு விலகுவதே அறிவுடைமை.

மலையேற்றம் எல்லாருக்கும் உரியதன்று, அது குறையுமன்று. ஆஸ்துமா உள்ளவர் மருத்துவரைக் கேட்டறிந்து, உயரத்தை அஞ்சுபவர் தம் அச்சத்தை ஒப்புக்கொண்டு, தம் அளவுக்கேற்ற மலையை நாடலாம். மெதுவாக நடந்து, பின்தங்கியவருக்காக நின்று, வானம் கறுத்தால் திரும்பத் தெரிந்தவரே நெடுநாள் மலையேறுகின்றனர். அந்தப் பொறுமை மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் வாழ்க்கைக்கும் பயன்படும். ஆகவே பெற்றோர் பிள்ளையிடம் சிகரத்தின் பெயரைக் கேட்பதை விடுத்து, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை சுமையோடு ஏறி இறங்கினாய் என்று கேட்கட்டும். விடை திருப்தியளித்தால் முதலில் லேடாங்குக்கும், பின்னர்த் தகானுக்கும் அனுப்புங்கள். கினபாலு காத்திருக்கும்.