மூளைக்குள் ஆன்டெனா: எந்தப் படிப்பு?

ப்ளஸ் டூ முடிவு வந்ததும் ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கவுன்சலிங் பட்டியலோடு பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதல் மனிதரின் மூளையில் சிப் பொருத்தியதிலிருந்து புதிதாக ஓர் ஆசை. “மூளைல வைக்கிற சிப்புக்கு ஆன்டெனா செய்யணும் சார்” என்றான் ஒரு பையன். பட்டியலில் முதலிடம் பயோமெடிக்கல் இன்ஜினியரிங். ஏன் என்று கேட்டேன். “அப்பாவுக்கு அந்தப் பேரு பிடிச்சிருக்கு.”

இந்த ஆசைக்கு இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எல்லாருக்கும் தெரிந்த வழி. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பயோமெடிக்கலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயரில் மருத்துவம் இருப்பதால் மூளைக்கு அதுவே நேர்வழி என்று நம்பிவிடுகிறார்கள். பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்: உடற்கூறு, ஈ.சி.ஜி., ஸ்கேன் கருவிகள் என்று விரியும். மின்காந்த அலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரத்தில் கொஞ்சம் இடம். படித்தவர்களில் பலர் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கப் போகிறார்கள். மரியாதையான வேலைதான். ஆனால் அந்தப் பையன் கேட்டது அதுவல்லவே. மருத்துவம் பிறகும் வந்து சேரும்: சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., பக்கத்துத் திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரா மூன்றும் சேர்ந்து பொறியியல் பட்டதாரிகளுக்குக் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். நடத்துகின்றன. மின்காந்தவியலை அப்படிப் பின்னால் ஒட்டவைக்க முடியாது.

ஏன் என்று பாருங்கள். உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கென்று 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலைவரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். காற்றில் அந்த அலையின் நீளம் சுமார் 74 செ.மீ. மூளைத் திசுவில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். அதே திசு சிக்னலையும் விழுங்கும். சக்தியைக் கூட்டலாமென்றால் திசு சூடாகும். ஆய்வுக்கூடத்தில் திசுவுக்குப் பதில் உப்பும் சீனியும் அளவாகக் கரைத்த நீர். காற்றில் அளந்த ஆன்டெனாவை அதில் முக்கினால், நெட்வொர்க் அனலைசர் திரையில் கோடு குழிந்து இறங்கும் இடம் சடாரென இடப்பக்கம் ஓடிவிடும். திரும்ப வரைய வேண்டும், திரும்ப வெட்ட வேண்டும். சிமுலேஷன் படத்தோடு திருப்திப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

நான் இயற்பியல்காரன், என் சாய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஆன்டெனா ஆராய்ச்சிக்குப் பேர்போன கொச்சின் குசாட் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் எம்.எஸ்சி. சேர்வதையே நான் முதலில் வைப்பேன். ஊரில் மதிப்பு குறைவு, சம்பளமும் தாமதமாகத்தான் வரும். கணக்கு கசக்காத, சாலிடரிங் அயனோடு மணிக்கணக்கில் உட்காரக்கூடிய பிள்ளைக்கு அது பொருட்டில்லை.

பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரீஷ் குமாரின் ஆன்டெனா வகுப்புகள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து நாலைந்து பாருங்கள். தூக்கம் வந்தால் வேறு பிரிவு எடுங்கள்.