ஒரே அணை, மூன்று வகை நூல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. குச்சனூர் வயல்களுக்கும் அதே தண்ணீர்தான். முல்லைப் பெரியாறு அணை வழியே அது வந்த கதையை வைத்தே வரலாறு, பொருளியல், உளவியல் நூல்களை வாசிக்கப் பழகலாம்.

வரலாறு முதலில் வர வேண்டும். ஆண்டுகள் தெரியாதவருக்கு மற்ற இரண்டும் வெறும் கருத்துகளாகவே நிற்கும். அணைக்காகத் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தானது. 1895இல் அணை முடிந்தது. கட்டுமானத்தில் பணிபுரிந்த பொறியாளர் மெக்கன்சி எழுதிய வரலாறு 1899இல் வெளியானது. உள்ளிருந்து எழுதியது என்பதே அதன் பலம், குறையும் அதுதான். காட்டில் மலேரியா கண்டு மடிந்த கூலியாட்களின் பார்வை ஒரு பொறியாளரின் எழுத்தில் முழுமையாக வராது.

பொருளியல் நூல் கேள்வியையே மாற்றுகிறது. அணைக்கு முன் தென்னாட்டை வாட்டிய 1876–78 பஞ்சத்துக்கு மழை பொய்த்ததே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. தானியம் இருந்தும் வாங்க வழியற்றவர்கள் பட்டினியால் சாகக்கூடும் என்பதை அமர்த்தியா சென் 1981இல், 1943 வங்கப் பஞ்சத்தை முன்வைத்து விளக்கினார். அதைப் படித்தவர் கூலி என்ன, விலை என்ன என்று கேட்கத் தொடங்குவார். குத்தகைத் தொகையும் அப்படித்தான்: 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். இன்றைய கணக்கில் அற்பம் என்று சொல்லுமுன் அன்றைய நெல் விலையைப் பார்க்க வேண்டும். 1970இல் அந்த வீதம் 30 ரூபாயாக உயர்ந்தது.

உளவியல் நூல் வாசிப்பவரையே சோதிக்கிறது. அடிக்கடி கேட்டது உண்மையாகத் தோன்றும் என்கிறார் டேனியல் கானமன், 2011இல் வெளியான தம் நூலில். அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கே சொல்கிறது. அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கும் நன்றிக்குச் சான்று தேவையில்லை. சொத்து விற்ற செய்திக்குத் தேவை. அதே கண்டிப்பு கானமனுக்கும் பொருந்தும். அந்நூலின் ஓர் அத்தியாயத்தில் வலுவற்ற ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக அவரே 2017இல் ஒப்புக்கொண்டார். இத்தகைய நூல்களில் முடிவைவிட அதற்கான ஆதாரத்தையே முதலில் படிக்க வேண்டும்.

அணையைப் பற்றிய புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும், 1886 ஒப்பந்தத்தின் விதிகளை அதற்கு முன்பே ஒருமுறை முழுதாகப் படித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்