அஞ்சறைப் பெட்டியும் மாத்திரைப் பெட்டியும்

வெந்தயம் உண்ணத் தொடங்கியபின் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்தலாமா என்று திருவண்ணாமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். அஞ்சறைப் பெட்டியிலுள்ள பொருள்களுக்கு நற்பலன்கள் உண்டு. எனினும் அவை எந்த அளவில் உண்ணப்படுகின்றன என்பதே முக்கியம்.

வெந்தயத்திலுள்ள கரையும் நார்ச்சத்து நீரில் ஊறியதும் கூழாகிறது. அது உணவின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஆனால் அவர்களுக்கு நாள்தோறும் அளிக்கப்பட்டது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி 100 கிராம். நம் வீடுகளில் ஊறவைக்கும் ஒரு தேக்கரண்டி வெந்தயமோ சுமார் 4 கிராம்தான். அது நல்ல உணவு. மாத்திரைக்கு மாற்று அன்று.

மஞ்சளிலுள்ள குர்குமின் தனியே உண்டால் உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தபோது அது ஏறத்தாழ 20 மடங்கு மிகுந்ததைப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998-இல் காட்டியது. இதே இயல்பால், வலிப்பு நோய்க்கான பினைட்டாயின் போன்ற சில மருந்துகளின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் உயர்த்தக்கூடும். ரசத்திலும் பொங்கலிலும் சேரும் மிளகு, மஞ்சளுக்காக அஞ்ச வேண்டியதில்லை. குர்குமினும் பைப்பரினும் செறிவாக அடங்கிய மாத்திரைகள் வேறு வகை. அவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகப் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்வோர் இத்தகைய மாத்திரைகளையும் பூண்டு மாத்திரைகளையும் தாமாகத் தொடங்கலாகாது.

சுக்குக் காப்பியிலும் ஒரு செய்தி உண்டு. சுக்கு குமட்டலைத் தணிக்கும். ஆனால் அதில் சேரும் கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரையே. 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்லும் நீரிழிவு நோயாளிகள் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நறுமணப் பொருள்களால் இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குக் கிட்டும் பெரும்பயன் ஒன்று உண்டு. சீரகம், மல்லி, கறிவேப்பிலை, இஞ்சி ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்தால், உப்பைக் குறைத்தாலும் உணவு சுவை குன்றாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளத்தின் உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் உட்கொள்ளும் பொடி, கஷாயம், மாத்திரை அனைத்தையும் எடுத்து வாருங்கள். எது தொடரலாம், எது கூடாது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம். அதுவரை எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.