ஒரே நொதி, இரண்டு வேகம்

கேள்வி: புற்றுநோய்க்காக உருவாக்கிய மருந்து ஒன்று ஆப்பிரிக்கத் தூக்க நோயைக் குணமாக்குகிறது என்று படித்தேன். அது முடக்கும் நொதி நம் செல்லிலும் இருக்கிறதாமே? அப்படியானால் நோயாளி மட்டும் எப்படித் தப்பிக்கிறார்?

பதில்: நீங்கள் படித்தது எஃப்லோர்னிதினைப் பற்றி. எந்தச் செல் பெருகவும் பாலிஅமைன்கள் தேவை. அவற்றைத் தயாரிக்கும் முதல் வேலை ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியுடையது. அதை முடக்கினால் புற்றுச் செல் பெருகாது என்று எதிர்பார்த்தார்கள். அந்த நாளில் அது பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் 1980-ல், தூக்க நோய்க்குக் காரணமான டிரிப்பனோசோமா வகை ஒட்டுண்ணி தொற்றிய எலிகள் இம்மருந்தால் பிழைத்தன.

உங்கள் சந்தேகம் நியாயமானதே. மருந்து இரு தரப்பு நொதியையும் பிடிக்கிறது, பிடித்தால் விடுவதில்லை. ஆனால் நம் செல்லில் அந்த நொதிக்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு மணி நேரத்துக்குள் பாதி அழிந்து, புதிது வந்துவிடும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பரவும் காம்பியன்ஸ் வகை ஒட்டுண்ணியில் அது நெடுநேரம் நிலைத்திருப்பது; புதிதாக உருவாவதும் மெதுவாகத்தான். முடங்கியது முடங்கியபடியே கிடக்கும். பாலிஅமைன்களில் பியூட்ரெசின் வற்றுகிறது, ஸ்பெர்மிடின் குறைகிறது. ஸ்பெர்மிடின் இல்லாமல் டிரிப்பனோதையோன் உருவாகாது. ஆக்சிஜன் நச்சிலிருந்து ஒட்டுண்ணியைக் காப்பது அதுதான். செல் பிரிவது நிற்கிறது. கவனியுங்கள், நிற்கிறது, அவ்வளவே. தீர்த்துக்கட்டுவது நோயாளியின் நோயெதிர்ப்பு ஆற்றல்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் ரொடீசியன்ஸ் வகையில் இந்த நொதி வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது. அங்கே மருந்து பயன்படுவதில்லை. வேகம்தான் விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முன்பு நோய் மூளையை எட்டியவர்களுக்கு ஆர்செனிக் கலந்த மெலார்சோப்ரால்தான் கொடுத்தார்கள். நூற்றில் ஐந்து பேர் வரை மருந்தாலேயே இறந்தார்கள். எஃப்லோர்னிதின் அதைவிடப் பாதுகாப்பானது. ஆனாலும் லாபமில்லை என்று 1990களில் உற்பத்தி நின்றது. பெண்களின் முகத்தில் முடி வளர்வதைக் குறைக்கும் கிரீமாக இதே மருந்து 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது! 2001-ல் உலக சுகாதார நிறுவனம் தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் செய்த பிறகே ஆப்பிரிக்க நோயாளிகளுக்கு வழி பிறந்தது.

இம்மருந்தை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, 14 நாள், நரம்பு வழியே ஏற்ற வேண்டும். மின்சாரமில்லாத கிராமத்தில் இது லேசா? 2009 முதல் நைஃபர்டிமாக்ஸ் மாத்திரையோடு சேர்த்து ஏழு நாளாகச் சுருக்கினார்கள். இன்று பெரும்பாலோருக்கு ஃபெக்ஸினிடசோல் மாத்திரை போதும். நோய் முற்றியவர்களுக்குத்தான் எஃப்லோர்னிதின்.