மனநலச் சிகிச்சைக்குப் பின் பணியில் சேர்தல்: அரசு ஊழியருக்கான நடைமுறை

மனநோய்க்காகப் பல மாதங்கள் மருத்துவ விடுப்பில் இருந்த அரசு ஊழியரின் வேலைக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வலுவான பாதுகாப்புத் தருகிறது. பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது என்கிறது அதன் பிரிவு 20(4). பழைய வேலை ஒத்துவராவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, அவருக்கெனக் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். இயலாமையைக் காரணம் காட்டிப் பதவி உயர்வையும் மறுக்கக்கூடாது. மனநோய் இச்சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ளது. இட ஒதுக்கீட்டுக்குக் கேட்கப்படும் 40 சதவீத வரம்பு பிரிவு 20(4)-இல் இல்லை. சில படைப்பிரிவுகளுக்கு மட்டும் அரசு அறிவிக்கை மூலம் விலக்கு உண்டு.

இந்தப் பாதுகாப்பைக் கெடுக்கும் முதல் தவறு விடுப்பு விண்ணப்பத்திலேயே நேர்கிறது. வெளியே தெரிந்தால் அவமானம் என்று கருதி, மஞ்சள் காமாலை, டைபாய்டு, முதுகுத் தண்டு வலி என்று எதையாவது சான்றில் எழுதி வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உடன் பணிபுரிபவர்களே இதை நல்ல யோசனையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. பின்னாளில் மனநோயால் வந்த இயலாமைக்குப் பாதுகாப்புக் கேட்கும்போது, அலுவலகக் கோப்பில் இருப்பது காமாலைச் சான்றாக இருக்கும். பொய்ச் சான்று கொடுத்ததே தனிக் குற்றச்சாட்டாகவும் மாறும். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 23 தருகிறது. எனவே மனநல மருத்துவரிடமே உண்மையான சான்று வாங்கி, உறையிலிட்டு 'மந்தணம்' என்று மேலே எழுதி, அலுவலகத் தலைவர் பெயருக்கே அனுப்பலாம்.

விடுப்பு நீட்டிப்பு விண்ணப்பம் முந்தைய விடுப்பு முடியும் முன்பே போய்ச் சேர வேண்டும். நோயாளியால் எழுத முடியாத நிலையில் குடும்பத்தார் ஒரு கடிதத்துடன் சான்றை இணைத்து, ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் அனுப்பலாம். நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் ராஜினாமா, விருப்ப ஓய்வு எதிலும் கையெழுத்திடக் கூடாது. வீட்டார் வற்புறுத்தினாலும் அந்த முடிவு குணமான பிறகுதான்.

திரும்பிச் சேர உடற்தகுதிச் சான்று தேவை. மத்திய அரசு ஊழியருக்கு 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின் 5-ஆம் படிவம் இதற்கு உள்ளது. நோயிலிருந்து தேறிவிட்டார், பணிக்குத் திரும்பத் தகுதியுடையவர் என்பதே அதன் சாரம். நோயின் பெயர் அதில் தேவையில்லை. "மருந்தின் உதவியால் நிலையாக உள்ளார்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அலுவலகம் கேள்வி கேட்டு மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். பணிக்குத் தகுதி என்ற சொற்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று மருத்துவர் அறையை விட்டு வெளியே வருமுன் படித்துப் பார்க்க வேண்டும். விடுப்பு முடியும் நாளுக்கும் சான்றின் நாளுக்கும் இடையில் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அதிகம் பேர் சறுக்குவது சேரும் நாளில்தான். முற்பகலில் போய் உயர் அதிகாரியைப் பார்த்தால், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம், வீட்டில் ஓய்வெடுங்கள்" என்று கனிவாகவே சொல்லி அனுப்புவார்கள். நோயிலிருந்து வந்தவரும் எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் திரும்பிவிடுவார். மூன்று மாதம் கழித்து, அனுமதியின்றிப் பணிக்கு வராத காலம் என்று குறிப்பாணை வரும். கண்காணிப்பாளர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வாய்மொழி உறுதியை நம்பக் கூடாது. பணியேற்பு அறிக்கையை இரண்டு பிரதிகளாக எழுதிக் கொண்டுபோய், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். "மருத்துவ விடுப்பு முடிந்து, தகுதிச் சான்றுடன், இன்று முற்பகல் பணியில் சேர ஆஜராகியுள்ளேன்" என்ற ஒரு வரி போதும். நோயின் கதை அதில் வேண்டாம். வாங்க மறுத்தால் அன்றைக்கே அதே அறிக்கையை அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட வேண்டும். சேர வந்ததற்கான இந்தச் சான்று கையில் இருந்தால், பணி ஆணைக்காகக் காத்திருந்த நாட்களைக் கட்டாயக் காத்திருப்புக் காலமாகக் கருதும்படி கோரலாம். இல்லையேல் அத்தனை நாட்களும் ஊழியர் தலையில் விழும்.

சேர்ந்த பிறகு பணிச்சூழலில் மாற்றம் கேட்கலாம். நியாயமான இணக்க ஏற்பாடுகளைச் செய்து தருவது அரசு நிறுவனத்தின் கடமை என்கிறது பிரிவு 20(2). "வேலைப்பளுவைக் குறைக்கவும்" என்று பொதுவாக எழுதினால் எதுவும் நடக்காது. இரவு மருந்து மயக்கம் தருவதால் ஆறு மாதத்துக்கு இரவுப் பணி வேண்டாம், மாதம் ஒரு நாள் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்ல அனுமதி வேண்டும், பணம் கையாளும் இருக்கையிலிருந்து தற்காலிக மாற்றம் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டு, மருத்துவரின் பரிந்துரையை இணைக்க வேண்டும். விடுப்புக் காலம் முறைப்படுத்தப்பட்டு ஆணை வந்ததா, பணிப் பதிவேட்டில் ஏறியதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஆண்டு ஊதிய உயர்வும் ஓய்வூதியத்துக்கான பணிக்காலக் கணக்கும் அதைப் பொறுத்தவை.

நோயின்போது நடந்துகொண்ட விதத்துக்காக ஒழுங்கு நடவடிக்கை தொடங்கினால், குற்றச்சாட்டுக்கான விளக்கத்திலேயே சிகிச்சை ஆவணங்களைச் சேர்க்க வேண்டும். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தந்த தீர்ப்பு இங்கே பெரும் துணை. நடவடிக்கைக்கு மனநலக் குறைபாடு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு உண்டு என்று அது தெளிவுபடுத்தியது.

அலுவலகம் இறங்கி வராவிட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 23-இன்படி நியமிக்கப்பட்ட குறைதீர் அலுவலரிடம் முதலில் எழுத்தில் புகார் தர வேண்டும். அடுத்து, மாநில அரசு ஊழியர் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரையும், மத்திய அரசு ஊழியர் தலைமை ஆணையரையும் அணுகலாம். ஆணையர் பரிந்துரைத்தால் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

தனியார் நிறுவன ஊழியருக்குப் பிரிவு 20(4) பொருந்தாது. ஆனால் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை தனியாருக்கும் உண்டு. அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இல்லாமல் நீக்குவதைத் தடுக்கிறது. மேல்முறையீட்டுக்கும் வழி தருகிறது. இ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீத நோய்க்கால உதவித்தொகை உண்டு. மனச்சிதைவு போன்ற மனநோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், பங்களிப்பு நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், அதன் பிறகும் 80 சதவீதம் கிடைக்கும். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று ஒவ்வொன்றின் நகலையும் நிறுவனத்துக்குத் தேதியோடு அனுப்பிவைக்க வேண்டும்.